மூன்றாவது பிளேட்

மஞ்சள் சீட்டை ஒழித்த ஆண்டில் எனக்கு முப்பத்திரண்டு வயது.

அதற்கு முன் மூன்று நிறங்கள் இருந்தன. இருபத்தைந்து வயது நிறைந்த ஒவ்வொரு பெண்ணும் அரசு மருத்துவமனையில் ஒரு குழாய் ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் மரபுச் சீட்டு வீடு தேடி வரும். பிராக்கா-இரண்டு என்ற மரபணு ஒழுங்காக இருந்தால் பச்சை. மார்பகப் புற்றுநோயை அழைத்து வரக்கூடிய கோளாறு அதில் இருந்தால் சிவப்பு. ஏதோ ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதனால் கெடுதல் வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை என்றால் மஞ்சள். மஞ்சள் வந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். மார்பை அறுத்து எடுத்துவிடவும் மனம் வராது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு சீட்டின் நகலையும் கேட்க ஆரம்பித்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் அரசு ஒரு தேதி குறித்தது. அடுத்த மகளிர் தினத்துக்குள் மஞ்சள் என்ற நிறமே இருக்கக் கூடாது.

அந்த வேலை கோவைக்கு வெளியே இருந்த எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. பொறுப்பு என்னுடையது. பெயர் அமுதினி, சீட்டுகளின் அடியில் டாக்டர் என்ற அடைமொழியோடு அச்சாகியிருக்கும்.

மாற்றங்களுக்கு வரிசை எண் கொடுத்திருந்தோம். ஒவ்வொன்றையும் எலியின் செல்களில் புகுத்திப் பார்ப்போம். செல்கள் பிழைத்தால் பச்சை, செத்தால் சிவப்பு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று தடவை, செல் வளர்க்கும் மூன்று பிளேட். 1417 என்ற மாற்றத்தில் முதல் இரண்டு பிளேட்டும் செத்துப்போயின. மூன்றாவது பிழைத்துவிட்டது.

அதைக் கண்டுபிடித்தது நான்கூட இல்லை. செல்களுக்கு நாள்தோறும் தீனி மாற்றும் மயிலாத்தா அக்கா என் மேசைக்கு வந்து, "டாக்டரம்மா, இந்தப் பிளேட்டு நல்லா இருக்குதுங்களே?" என்றார்.

நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். செல்கள் உருண்டையாக, நெருக்கமாக, ஆரோக்கியமாக இருந்தன. இன்னொரு சுற்று போட்டுப் பார்க்க மூன்று வாரம் ஆகும். மகளிர் தின விழாவுக்கு இருந்தது நான்கு நாள். இன்னும் முப்பது எண்கள் பாக்கி.

"வேற ஏதோ கலந்திருக்கு அக்கா. கீழ ஊத்திடுங்க," என்றேன்.

அவர் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தார். பிறகு ஊற்றிவிட்டார். 'இரண்டு சுற்று, இரண்டிலும் செல்கள் இறந்தன' என்று பதிவு செய்தேன். சிவப்பு.

தப்பான சிவப்பால் ஒருத்திக்கு மார்பு போகும், தப்பான பச்சையால் உயிரே போகும், ஆகவே சந்தேகம் வந்தால் சிவப்புதான் நியாயம் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் நான் ஊற்றச் சொன்னது அதற்காக அல்ல. நான்கு நாளுக்காக.

பதினொரு வருடம் கழித்து ஒரு காலையில் ஃபரீத் என் அறைக்கு வந்தான். என்னோடு ஒன்றாகப் படித்தவன். மாடியில் தனி ஆய்வகம் நடத்துகிறான். கையில் ஒரு தாள்.

"அமுதினி, நம்ம சிவப்புல பதினேழு தப்பு."

"எப்படிச் சொல்றே?"

"மனுஷ மார்பகத் திசுவை இப்ப பிளேட்லயே வளர்க்க முடியுதே. அதுல போட்டுப் பார்த்தேன். பதினேழும் ஒழுங்கா வேலை செய்யுது."

"அப்ப எலி செல் ஏன் செத்துச்சு?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பிராக்கா புரதத்தோட வேலை என்ன? உடைஞ்ச டிஎன்ஏவை ஒட்டவைக்கறது. ஆனா அது தனியா அங்க போகாது. ஒரு கூட்டாளிப் புரதத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் போகும். நாம மனுஷ பிராக்காவை எலி செல்லுல வெச்சோம். கூட்டாளி எலியோடது, அதோட உருவம் கொஞ்சம் வேற. நல்ல பிராக்கா எப்படியோ அதைப் பிடிச்சுச் சமாளிச்சுக்குது. இந்தப் பதினேழுக்கும் பிடி கொஞ்சம் தளர்ச்சி. எலிகிட்ட நழுவிடுச்சு. மனுஷக் கூட்டாளின்னா கெட்டியாப் பிடிச்சுக்குது. அவ்வளவுதான் விஷயம். அந்தப் பொண்ணுங்க உடம்புல ஒரு குறையும் இல்லை."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ஆறாவது வரியில் 1417 இருந்தது.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை," என்றான் ஃபரீத். "பிடி தளர்ச்சின்னா, புரதம் அதிகமா உண்டான செல் பிழைச்சிருக்கணும். மூணு சுற்றுல எங்கேயாவது ஒரு பிளேட் உயிரோட வந்திருக்கணும். அப்படி ஏதாவது பார்த்த ஞாபகம் இருக்கா?"

"இல்லை," என்றேன்.

அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

இயக்குநர் பத்ரிநாத் எங்கள் இருவரையும் அழைத்துப் பேசினார். பதினேழு எண்களையும் இன்றைய தேதியிலிருந்து பச்சையாக மாற்றிவிடலாம் என்றார்.

"ஏற்கெனவே சிவப்பு வாங்கினவங்களுக்கு?" என்று ஃபரீத் கேட்டான்.

"அவங்களுக்கு எழுதி என்ன ஆகப் போகுது? அறுத்ததை ஒட்டவா முடியும்? இத்தனை வருஷம் கழிச்சுப் போய் உங்களுக்கு ஒண்ணுமே இல்லாம இருந்துச்சுன்னு சொல்றது இரக்கமா, கொடுமையா? நீங்களே சொல்லுங்க அமுதினி."

அவர் சொன்னதில் ஒரு பாதி எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் அன்று மாலையே 1417-க்குச் சிவப்பு வாங்கியவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அப்படி எடுப்பது விதிமீறல். அறுபத்து மூன்று பெண்கள். அதில் ஒன்பது பேர் ஒரே குடும்பம்; எல்லோரும் திசையன்விளையைச் சுற்றி இருந்தார்கள். ஒன்பதில் எட்டுப் பேருக்கு 'அறுவை முடிந்தது' என்று போட்டிருந்தது. ஒருத்திக்கு மட்டும் 'மறுத்துவிட்டார்'. பட்டியலில் முதல் பெயர் ஜெமிலா. அந்தச் சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன்.

பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நான் போனபோது செம்மண் மைதானத்தில் வாலிபால் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. காற்று மண்ணை வாரி அடித்தது. உயரமான பெண்; முப்பத்தேழு வயது. கழுத்தில் விசில். தொளதொளவென்ற டிராக் சட்டையைக் காற்று உடம்போடு ஒட்டவைத்தபோது நெஞ்சு பலகை போலத் தட்டையாக இருந்தது தெரிந்தது. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

கோவையிலிருந்து வருகிறேன், சீட்டு விஷயம் என்றதும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். தனியாகத்தான் இருந்தாள். நான் எலியிலிருந்து ஆரம்பித்தேன். செல், புரதம், கூட்டாளி, பிடி. ஃபரீத் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். மூன்றாவது பிளேட்டைச் சொல்லவில்லை. "அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்," என்று முடித்தேன்.

அவள் வெகுநேரம் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்போ எனக்கு ஒண்ணுமே இல்ல."

"அந்த மாற்றத்தால ஒண்ணுமில்லை."

"எனக்கு நிச்சயம் ஆகியிருந்துச்சு. சிவப்புன்னதும் மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னுட்டாவ. அது போகட்டும், அப்படிப்பட்டவன் வேண்டாம்தான்." கயிற்றை அவிழ்த்தாள். "நான் மட்டும்னா பரவால்ல டாக்டர். எங்கம்மா முப்பத்தொன்பது வயசுல இதுலதான் போனாவ. சின்னம்ம நாப்பத்திரண்டுல. ரெண்டு பேர் கிடந்த கிடையையும் பக்கத்துல இருந்து பாத்தவ நான். சீட்டு வந்ததும் நானே வீடு வீடாப் போனேன். மாமா மக, சின்னம்ம மக எல்லாத்தையும் உக்காரவெச்சுப் பேசி, ஏழு பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஹெலனுக்கு அப்பதான் கல்யாணமாகி ஆறு மாசம். 'எக்கா, பிள்ளைக்குப் பால் குடுக்க முடியாதுல்லா'ன்னு அழுதா. 'உசிரோட இருந்தாத்தானட்டி பாலு'ன்னு சொன்னேன். நான் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க என்ன செய்வீங்க? தெரிஞ்சதைத்தான சொல்ல முடியும். தப்புன்னு தெரிஞ்சதும் இவ்வளவு தூரம் வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லுதீங்களே, எந்த ஆபீசர் வருவாவ?"

எழுந்து போய்ச் சோறு போட்டாள். சாளை மீன் குழம்பு. வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. "நல்லாச் சாப்பிடுங்க, ரயில்ல என்ன கிடைச்சிருக்கப் போவுது," என்று இன்னொரு மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள். செய்யாத குற்றத்துக்குத் தலை குனிந்து நின்றவள் அவள். செய்த குற்றத்தை மறைத்துக்கொண்டு அவள் கையால் சாப்பிட்டவள் நான்.

கை கழுவிவிட்டு வந்தபோது அவள் ஸ்கூட்டர் சாவியோடு நின்றிருந்தாள்.

"உடன்குடி வரைக்கும் வாரீங்களா? என் தங்கச்சி ஷைனி. அவ ஒருத்திதான் செய்ய மாட்டேன்னு நின்னவ. 'பிள்ளையளைப் பெத்து அநாதையா விட்டுட்டுச் சாவப் போற'ன்னு கோயில் வாசல்ல வெச்சுச் சொல்லிட்டேன். ஒன்பது வருஷமாப் பேச்சு கிடையாது. இதை அவகிட்ட நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொல்லணும்."

ஷைனி தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள். அரை நாள் வேலை முடிந்து வந்து முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள் வாளியைச் சுற்றி விளையாடினார்கள். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எக்கா," என்றாள்.

ஜெமிலா என்னைக் காட்டினாள். "கோயம்புத்தூர் டாக்டர். சீட்டுப் போட்ட இடத்துல இருந்து வந்திருக்காவ. உன் சீட்டும் என் சீட்டும் தப்பாம். கேளு."

மறுபடியும் எலியிலிருந்து ஆரம்பித்தேன். ஷைனி குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் 'அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது' என்று வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"மூணாவது பிளேட்டு என்னாச்சு டாக்டர்?"

நான் ஜெமிலாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"சீட்டுக்குக் கீழ ஒரு ஃபோன் நம்பர் இருக்கும்லா, அதுக்கு அப்பவே கூப்பிட்டேன்," என்றாள் ஷைனி. "ஒரு அம்மா எடுத்தாவ. டாக்டர்மாரு எல்லாம் கூட்டத்துக்குப் போயிருக்காங்க, நான் செல்லுக்குத் தீனி போடுறவன்னாவ. சும்மா ஃபோனை வெச்சிருக்கலாம், என்னமோ தோணிச்சு, சீட்டுல இருந்த 1417-ஐச் சொல்லி விசாரிச்சேன். அந்த அம்மா நம்பரைத் திருப்பிக் கேட்டாவ. பெறவு, 'கண்ணு, அதுல மூணாவது பிளேட்டு நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஊத்தச் சொன்னாங்க, ஊத்திட்டேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாவ." அக்காவின் பக்கம் திரும்பினாள். "இதை இவகிட்டச் சொன்னேன். 'படிச்ச டாக்டர் சொன்னதை விட்டுட்டு வேலைக்காரி பேச்சை நம்பிச் சாவப் போறியாட்டி'ன்னா."

ஜெமிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊத்தச் சொன்னது யாரு?" ஷைனி கேட்டாள்.

"நான்தான்."

துணிக்கொடியில் ஒரு பாவாடை படபடவென்று அடித்துக்கொண்டது. ஷைனி திட்டுவாள் என்று நினைத்தேன். ஜெமிலா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஜெமிலா மெதுவாக நிமிர்ந்தாள்.

"சாப்பிடும்போதே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

என் நாற்பத்து மூன்று வருட வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி ஒரு வாக்கியத்தால் அடித்ததில்லை. நான்கு நாள், விழா, முப்பது எண்கள் என்று ஏதேதோ உளறினேன். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஷைனிதான் அடுத்துப் பேசினாள். குரலில் இப்போது பழைய வேகம் இல்லை.

"சரி, 1417 ஒண்ணும் செய்யலை. அப்போ எங்கம்மாவுக்கு எதுனால வந்துச்சு? சின்னம்மைக்கு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"வேற ஏதாவது மரபணுவா இருக்கலாம். தற்செயலா ரெண்டு பேருக்கு வந்திருக்கலாம். காரணம் 1417-தான்னு முடிவு பண்ணினதால, வேற எதையும் யாரும் தேடவே இல்லை."

அவள் ஈரத்துணியை வாளிக்குள் போட்டாள். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையேன்னு ஒரு ஸ்கேனுக்குக்கூட நான் போனதில்ல. போனா இவ பேச்சு ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு போகல."

பிறகு ஜெமிலா, தங்கையைப் பார்க்காமல், வாளியைப் பார்த்துச் சொன்னாள்: "திங்கக்கிழம போவமா? பாளையங்கோட்டைல எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காவ. உனக்குச் சம்மதம்னா நான் கூட வாரேன்."

ஷைனி உள்ளே போனாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் வைத்தாள். ஒன்றே ஒன்றுதான். பெரிய குழந்தை என்னைக் காட்டி, "அம்மா, இவங்க யாரு?" என்று கேட்டது. நான் வருகிறேன் என்று முனகிவிட்டு வெளியே வந்து, வழி கேட்டுக் கேட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

திரும்பிய வாரமே அறுபத்து மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் மூன்று பிளேட்டையும் எழுதினேன். ஊற்றச் சொன்னது நான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அனுப்பிவிட்டுத்தான் இயக்குநரிடம் சொன்னேன். வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கி விசாரணைக் குழு போட்டார்கள். மற்ற பதினாறு எண்களின் பழைய பதிவுகளையும் கிளற ஆரம்பித்தார்கள். மயிலாத்தா அக்கா ஓய்வு பெற்று அன்னூரில் இருந்தார்; சாட்சி சொல்ல வந்தார். என்னைப் பார்த்ததும், "உடம்பு எளைச்சுப் போச்சுங்களே டாக்டரம்மா," என்றார். ஃபரீத் மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டான். "நான் நேரடியாக் கேட்டேன், நீ இல்லைன்னு சொன்னே," என்றதுதான் அவன் கடைசியாகச் சொன்னது.

கடிதங்களுக்கு ஏழு பதில் வந்தன. ஒன்று வசை. மூன்று வக்கீல் நோட்டீஸ். விழுப்புரத்திலிருந்து ஒரு கணவர், தன் மனைவி போன வருடம் விபத்தில் இறந்துவிட்டாள், இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஹெலன் கேள்விகளாக எழுதியிருந்தாள். கடைசியாக ஜெமிலா.

அவளுடையது கடிதம் அல்ல, அலைபேசியில் வந்த செய்தி. ஒரு மதியம், வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன்.

'ஷைனிக்கு ஸ்கேன் எடுத்தோம். இடது பக்கம் கட்டி இருக்கு. சோதிச்சதில் புற்றுநோய்னு வந்திருக்கு. சின்னதுதான், சரி பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றாங்க. புதன்கிழமை ஆபரேஷன். நான் லீவு போட்டு அவள் வீட்டில் இருக்கேன். பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன். எங்க குடும்பத்தில் வேற என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க யாரிடம் போகணும்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுக்கும் பதில் வேண்டாம்.'

படித்து முடித்ததும் எனக்குள் முதலில் எழுந்தது கவலை இல்லை, அழுகையும் இல்லை. நிம்மதி. அப்படியானால் அந்தக் குடும்பத்தில் ஏதோ இருந்திருக்கிறது, அந்த எட்டுப் பேருக்கும் அறுத்தது ஒருவேளை நல்லதாகவே போயிருக்கலாம், நான் அவர்களைக் கெடுத்துவிடவில்லை என்ற நிம்மதி. உடம்பு முழுக்க, சுளுக்கு விட்டதுபோல. இரண்டு மூச்சு நேரம் அது இருந்தது. அதற்குப் பிறகுதான் முற்றத்தில் ஈரத்துணியோடு நின்ற பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

சென்னையிலும் வேலூரிலும் தெரிந்த இரண்டு மருத்துவர்களின் பெயரையும் எண்ணையும் ஜெமிலாவுக்கு அனுப்பினேன். அந்த இரண்டு மூச்சைப் பற்றி எழுதவில்லை.